இரண்டு சீட்டி என்றால் உடும்பு

புரட்டாசி 17, வெள்ளி

எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் இருந்து ஆரம்பிக்கிறேன். பெரியவன் மகள் சிந்துஜா காலேஜில் முதல் மார்க். இப்போது ஹாலந்து தேசத்தில், ஆறு குளங்களில் வாழ்கிற ஜீவராசிகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் அல்ல, அதற்கும் மேலே. சின்னவன் மகன் நவநீதன் என்ஜினியர். இருபத்தெட்டு வயதில் சொந்தக் கம்பெனி, வெள்ளைக் கார், அவனுக்குக் கீழே பதினான்கு பேர். அவன் தம்பி கிரிதரன் மெடிக்கல் மூன்றாம் வருடம். இவன்தான் ஊசி போடுகிற டாக்டர். மகள் வயிற்றுப் பேத்தி தர்ஷிகா நீச்சலில் மாநிலத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்த பெண் வயதைக் குறைத்துக் காட்டியதாகப் பேச்சு.

நான்கு பேரும் சேர்ந்து நிற்கிற படம் நடுவீட்டில் மாட்டியிருக்கிறது. ஆறு வருடத்துக்கு முந்தின படம்.

நான் ஐந்தாம் வகுப்பு. ஆனால் அந்தக் காலத்து ஐந்தாம் வகுப்பு. இந்த ஊரில் என் வயதில் கைநாட்டு வைக்காமல் முழுப்பெயர் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். அதனால்தான் சிந்துஜா இந்த வேலையை எனக்குக் கொடுத்தாள். “அப்பத்தா, ஊட்டுக்குப் பின்னால போற பள்ளத்துல தினமும் என்னென்ன பாக்கறயோ, அதை அப்படியே எழுது. முடிஞ்சதும் நோட்டைத் தபால்ல போடு. நீ பாக்கற மாதிரி இங்க ஒருத்தராலயும் பாக்க முடியாது” என்றாள். பேத்தியின் படிப்புக்கு நான் உதவி.

புரட்டாசி 19, ஞாயிறு

எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். இது பாறைப்பள்ளம். மேற்கே மலையடிவாரத்தில் ஆரம்பிக்கிறது. செங்கல் சூளைகளைத் தாண்டி, பைபாஸ் ரோட்டுக்கு அடியில் இரண்டு குழாயில் புகுந்து, காலேஜ் மதிலை ஒட்டி வருகிறது. அங்கே ஹாஸ்டல் சோப்பு நுரையும் சேர்ந்துகொள்ளும். நேராக வருகிற தண்ணீர் எங்கள் தோப்புக்கு வந்ததும் மடக்கின முழங்கை மாதிரி உள்ளே வளையும். அந்த வளைவில் ஒரு மடு, மூன்று ஆள் ஆழம். அதில் சுற்றிச் சோர்ந்துபோய்த்தான் தண்ணீர் வெளியே வரும். பிறகு அக்கரையில் தாழ்வாக இருக்கிற எட்டு வீடுகளின் ஓரமாகப் போய்க் குளத்தில் விழும்.

இன்று பார்த்தது: மடையான் கொக்கு இரண்டு. நாமக்கோழி ஒன்று, மூன்று குஞ்சு. மடுவில் ஆமை தலை தூக்கியது. தூக்கணாங்குருவிக் கூடு ஈச்ச மரத்தில் பதினொன்று. கரைப் பொந்தில் கீரி, வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு இடம் மாற்றியது. நண்டு வளைகள் தண்ணீரில் இருந்து ஒரு முழம் மேலே. நண்டு எவ்வளவு மேலே வளை தோண்டுகிறதோ, அந்த வருடம் தண்ணீர் அந்த மட்டத்துக்கு வரும். இது எந்தக் காலேஜிலும் கிடையாது. எழுதிக்கொள் கண்ணு.

உடும்பு ஒன்று. இதை நான் பார்க்கவில்லை, அக்கரை ஆறான் சீட்டி அடித்துச் சொன்னான்.

புரட்டாசி 20, திங்கள்

ஆறானைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோப்பில் தேங்காய் போட்டவன். எட்டு வருடத்துக்கு முன் எங்கள் மரத்தில் இருந்துதான் விழுந்தான். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. வாசலில் கயிற்றுக் கட்டிலில் என் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருப்பான். கத்தினால் இருமல் வரும் என்று சீட்டி அடிப்பான். நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம்: ஒரு சீட்டி என்றால் மயில், இரண்டு என்றால் உடும்பு, மூன்று என்றால் பாம்பு. நான் ஜன்னலில் கை காட்டினால் எழுதிக்கொண்டேன் என்று அர்த்தம். அவனுக்கும் பொழுது போகிறது.

அவன் பெண்டாட்டி பொன்னாத்தாள் காலையில் பலகை வழியாகப் பள்ளத்தைத் தாண்டி வந்தாள்.

“அம்மிணி, காலேஜுல கூட்டற வேலை கெடச்சிருக்குதுங்க. பொழுதெறங்கித்தான் வருவேன். மழைக்காலம் வருது. பள்ளம் வந்தா நீங்க தாம்பாளத்தைத் தட்டிப் போடுங்க. கடைசி ஊட்டு ரெட்டைப் பசங்க ராத்திரி மில்லுக்குப் போயிட்டுப் பகல்ல தூங்கறானுக. போன் அடிச்சா எந்திரிக்க மாட்டானுக. தட்டச் சத்தம் கேட்டா ஓடி வந்து கட்டலோட தூக்கிருவானுக.”

“நாப்பது வருசமாத் தட்டறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றயா?”

“அய்யோ, அப்படிச் சொல்லலீங்க. அவரு ஒருத்தரு எந்திரிக்க முடியாமக் கெடக்கறாரேன்னு சொன்னனுங்க.”

மேட்டில் இருப்பது எங்கள் வீடு. மலையில் மழை பெய்து வெள்ளம் உருண்டு வருவதைப் பள்ளம் வருது என்போம், அந்தச் சத்தம் முதலில் எங்களுக்குத்தான் கேட்கும். கேட்டதும் வெண்கலத் தாம்பாளத்தைக் கரண்டியால் அடிக்க வேண்டும். என் மாமியார் அடித்தார், பிறகு நான். அந்த நாதம் குளம் வரைக்கும் போகும். தண்ணீர் வந்து சேர அதற்குப் பிறகு அரை நாழிகை ஆகும். ஒரு உயிர் போனதில்லை.

புரட்டாசி 23, வியாழன்

மடையான் மூன்று. ஒரு சீட்டி. போர்வை துவைத்தேன்.

புரட்டாசி 28, செவ்வாய்

நவநீதன் வந்தான்! வெள்ளைக் காரில். பின்னாலேயே ஜேசிபி ஒன்று, மண் லாரி நான்கு.

“அப்பத்தா, இந்த வளைவு நம்ம எடத்துல மூணு ஏக்கராவைத் தின்னுட்டுக் கெடக்குது. மடுவை மூடிப் பள்ளத்தை நேரா வெட்டி உட்டா முப்பத்தாறு சைட்டு வரும்.”

“மழைத் தண்ணி இங்க வந்து நிக்கோணும் சாமி. நிக்கலைன்னா வந்த வேகத்துல நேரா அக்கட்டால போயி அடிக்கும்.”

“அக்கட்டால என்ன இருக்குது?”

“எட்டு ஊடு.”

“பட்டா இருக்குதா?”

அங்கே யாருக்கும் பட்டா இருந்ததில்லை.

“ஆபீசர் வந்து கேட்டா, பள்ளம் எப்பவும் நேராத்தான் போச்சு, தண்ணியே வர்றதில்லைன்னு சொல்லோணும். இந்த ஊர்ல வயசானவ நீதான். நீ சொன்னா நம்புவாங்க.”

பிறகு ஒரு தாளை விரித்துக் காட்டினான். ரோட்டோரம் பெரிய வளைவு, அதில் கொட்டை எழுத்தில் ‘நாச்சம்மாள் கார்டன்ஸ்’. என் பெயர்! எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தேன். திறப்பு விழாவுக்கு சிந்துஜா, கிரிதரன், தர்ஷிகா எல்லோரையும் வரவழைக்கிறேன், நாலு பேரும் உன்னை நடுவில் வைத்து அந்த வளைவுக்குக் கீழே படம் எடுத்துக்கொள்வோம் என்றான்.

ராகி களி சாப்பிட்டான். கையில் அடித்துக் கொடுத்தான், சொல்கிறேன் என்று நானும் கொடுத்தேன்.

புரட்டாசி 31, வெள்ளி

மடு மூடியாகிவிட்டது. மூன்று நாள் வேலை. நவநீதனின் சுறுசுறுப்பு அவன் அப்பாருவைக் கொண்டது.

கரைப் பொந்தின் மேல் நான்கு லாரி மண் விழுந்தது. தாய்க் கீரி வெளியே இருந்தது. நேற்று முழுவதும் அதே இடத்தில் பறித்துக்கொண்டிருந்தது. டிரைவர் கல்லெறிந்தான், போய்விட்டுத் திரும்ப வந்தது. மண்ணுக்குள் இருந்து மெல்லிய சத்தம் கேட்டதாக ஆறான் பொன்னாத்தாளிடம் சொன்னானாம். அவ்வளவு தூரத்துக்கு எப்படிக் கேட்கும்? எனக்கும் கேட்டது, அது வேறு. நான் பக்கத்தில் இருக்கிறேன்.

இன்று காலை கீரி வரவில்லை.

ஈச்ச மரம் வெட்டப்பட்டது. கூடு பதினொன்று.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

நவநீதனுக்கு சைட்டில் வேலை. கிரிதரனுக்குப் பரீட்சை. தர்ஷிகாவுக்குப் பயிற்சி முகாம். சிந்துஜா போனில் ஐந்து நிமிடம் பேசினாள். பெரிய பெட்டியில் ஸ்வீட் பார்சல் வந்தது. இவ்வளவு பெரிய பெட்டி இந்தத் தெருவில் யாருக்கும் வரவில்லை.

பொன்னாத்தாளுக்கு முறுக்கு கொடுத்தேன். நடுவீட்டுப் படத்தை எட்டிப் பார்த்தாள்.

“ஏனுங்க அம்மிணி, இந்தப் பிள்ளைங்க இன்னும் வளரலீங்களா? நானும் வருசா வருசம் பாக்கறேன், அப்படியே நிக்குதுங்களே!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேடிக்கையாகச் சொல்கிறாளாம். முறுக்கில் பாதியைத் திருப்பி வாங்கி வைத்திருக்க வேண்டும்.

“திறப்பு விழாவுக்கு நாலு பேரும் வர்றாங்க. வந்து பாரு” என்றேன்.

“வரட்டுங்க, நல்லா இருக்கட்டுங்க” என்றவள் புது வாய்க்காலைக் காட்டினாள். “அம்மிணி, பள்ளம் இப்பத் துப்பாக்கியாட்டம் எங்க ஊட்டையே குறி வெச்சு நிக்குதுங்க. பேரன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க.”

“என்ஜினியருக்கு நாம சொல்லித் தர்றதா?” என்றேன்.

ஐப்பசி 8, சனி

காலையில் இரண்டு சீட்டி. போய்ப் பார்ப்பதற்குள் லாரிக்காரர்கள் உடும்பைப் பிடித்துவிட்டார்கள். அதன் வாலையே இழுத்து அதன் கழுத்தில் கட்டித் தூக்கிப் போனார்கள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. மதியம் சைட்டில் கறி வாசம்.

ஆறான் காட்டிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அவன் சீட்டி அடிக்கவில்லை. நான் ஜன்னலில் கை காட்டினேன். அவன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐப்பசி 11, செவ்வாய்

நண்டுகள் எங்கள் மாட்டுக் கொட்டகை வரை ஏறி வந்துவிட்டன. படியில் ஒன்பது, உரலுக்குள் இரண்டு. நாற்பது வருடத்தில் இந்த மட்டத்துக்கு நான் பார்த்ததில்லை. மேற்கே மலை தெரியவில்லை, ஒரே கறுப்பு.

நவநீதனுக்குப் போன் போட்டேன். “சாமி, நண்டு ஏறுது” என்றேன்.

“நாளைக்கு மத்தியானம் ஆபீசர் வர்றாரு. சைட்டு வாங்கற பார்ட்டிகளும் வர்றாங்க. நண்டு கிண்டுன்னு வாயே தொறக்காத அப்பத்தா. ஸ்வீட்டு மட்டும் செய்யி. பெரிய தாம்பாளத்துல வெச்சுக் கொண்டா, கௌரவமா இருக்கும்.”

நண்டுகளைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளினேன்.

ஐப்பசி 12, புதன்

விருந்தாளிகள் வந்தார்கள். மைசூர்பாகு பதமாக வந்திருந்தது. பிறகு பள்ளம் வந்தது.

ஐப்பசி 15, சனி

சிந்துஜா, பார்த்ததை அப்படியே எழுது என்று சொன்னாய். எழுதுகிறேன்.

அன்று இங்கே நல்ல வெயில். தோப்பில் சாமியானா போட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஆபீசரும் மூன்று குடும்பங்களும் இருந்தார்கள். மணி இரண்டரை இருக்கும். தாம்பாளத்தில் நாற்பது மைசூர்பாகு அடுக்கி எடுத்துக்கொண்டு போனேன். ஆபீசர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “இவங்க பேர்லதான் சைட்டு, என்ற அப்பத்தா” என்றான் நவநீதன். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

அப்போது மேற்கே அந்தச் சத்தம் ஆரம்பித்தது. முறத்தில் கல் உருட்டுவது போல இருக்கும். எனக்குத் தெரியாதா?

“அது என்ன சத்தம்?” என்றார் ஆபீசர்.

நவநீதன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு இதே மாதிரிதான் பார்ப்பான்.

“ரயிலுங்க” என்றேன்.

“இங்க ரயில் பாதை இருக்குதா?”

“மேக்கால இருக்குதுங்க. எடுத்துக்குங்க, நெய்யில செஞ்சது.”

ஆபீசர் ஒன்று எடுத்துக்கொண்டார். அப்போது சீட்டி கேட்டது. இரண்டு என்றால் உடும்பு, மூன்று என்றால் பாம்பு. அதற்கு மேல் நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அன்று அவன் எண்ணிக்கை இல்லாமல் அடித்தான்.

“யாரோ விடாம சீட்டி அடிக்கறாங்களே” என்றாள் வந்திருந்த ஒரு பெண்.

“ஆடு மேய்க்கறவனுங்க. பொழுது போகாம அடிப்பான்.”

தாம்பாளம் என் கையில்தான் இருந்தது. ஆனால் அதில் மைசூர்பாகு இருந்தது. இன்னும் இருபது பேருக்குக் கொடுக்க வேண்டும். இறக்கி வைக்க மேசை இல்லை. கரண்டியும் சமையலறையில் இருந்தது. எல்லாவற்றையும் கீழே கொட்டிவிட்டா தட்டுவது?

தண்ணீர் வந்தது. புது வாய்க்காலில் செம்மண் நிறத்தில், கரைக்குச் சமமாக, ஒரு மரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். நவநீதன் கையை விரித்துச் சொன்னான்:

“பாத்தீங்களா? எவ்வளவு அழகா நேராப் போகுது! நம்ம சைட்டுக்குள்ள ஒரு சொட்டு இல்லை.”

ஆபீசர் தலையாட்டினார். ஒருவர் செல்போனில் படம் பிடித்தார். சாமியானாவில் இருந்து அக்கரை வீடுகள் தெரியாது, சரிவு மறைக்கும். மேட்டில் இருக்கிற என் வீட்டில் இருந்து மட்டும்தான் தெரியும்.

சீட்டி ஏதோ ஒரு நேரத்தில் நின்றுவிட்டது. எப்போது என்று கவனிக்கவில்லை. காப்பி கொண்டுவரப் போயிருந்தேன்.

ரெட்டைப் பிள்ளைகள் ஓட்டைப் பிரித்துக் கூரை மேல் ஏறித் தப்பித்தார்கள். ஆறானை மறுநாள் காலை குளத்துக் கோரையில் எடுத்தார்கள். கட்டில் கயிற்றைப் பிடித்திருந்த கையைப் பிரிக்க முடியவில்லையாம்.

மடையான் இல்லை. நாமக்கோழி இல்லை.

ஐப்பசி 20, வியாழன்

தாலுகா ஆபீசில் இருந்து விசாரணைக்கு வந்தார்கள். நாற்காலி போட்டு மோர் கொடுத்தேன்.

“ஏம்மா, இந்தப் பள்ளம் முன்னாடி இங்க வளைஞ்சு போச்சுன்னு அக்கரைக்காரங்க சொல்றாங்களே?”

“இல்லீங்க. எப்பவும் நேராத்தான் போச்சு.”

“பள்ளம் வந்தா தட்டம் தட்டுவீங்களாமே?”

“அதெல்லாம் பழைய பழக்கமுங்க. இப்ப எல்லாருகிட்டயும் செல்போன் இருக்குதுங்களே.”

தாளில் எழுதிக் கொடுத்தார்கள். ரா. நாச்சம்மாள் என்று முழுப்பெயர் எழுதினேன். “இந்த வயசுல கையெழுத்து அச்சு மாதிரி இருக்குதே” என்றார் அதிகாரி. அக்கரைக்காரர்களின் தாளில் பெரும்பாலும் கைநாட்டு. அந்தத் தாளை மடித்து அடியில் வைத்தார்.

எட்டு வீடும் பள்ளத்துப் புறம்போக்கில் இருப்பதால்தான் இப்படி ஆனதாம். பத்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஐப்பசி 23, ஞாயிறு

பொன்னாத்தாள் வந்தாள். பலகை போய்விட்டதால் பைபாஸைச் சுற்றி நடந்து வந்திருந்தாள். வாசலில் நின்றாள், உட்காரவில்லை.

“தாம்பாளத்தைக் காட்டு” என்றாள்.

“என்ன பொன்னாத்தா?”

“தாம்பாளத்தைக் காட்டுன்னேன். ஓட்டையாப் போச்சா என்னன்னு பாக்கோணும்.”

எடுத்து வந்து கொடுத்தேன். புளி போட்டு விளக்கி வைத்திருந்தேன். அவள் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கை முட்டியால் ஒரே ஒரு தடவை தட்டினாள். கரண்டி கூட இல்லை, வெறும் கை. நாதம் தோப்பைத் தாண்டிப் போனது. அக்கரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நல்லாத்தான் இருக்குது” என்று படியில் வைத்தாள். “உன்ற பேரனுக நல்லா இருக்கட்டும்.”

என்னை நீ என்றாள். உன்ற என்றாள். முப்பது வருடத்தில் ஒரு தடவை அப்படிப் பேசியதில்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஐப்பசி 29, சனி

அக்கரை காலி. போகும்போது பொன்னாத்தாள் கட்டிலை எடுத்துப் போகவில்லை. குளத்தில் இருந்து மீட்டதைக் காயவைத்து, பழைய இடத்தில், பழைய திசைக்கே போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். என் ஜன்னலைப் பார்த்தபடி. மறந்திருப்பாள்.

ஜன்னலைச் சாத்தினால் வீடு இருட்டாகிவிடுகிறது. திறந்தால் அதுதான் முதலில் தெரிகிறது. சேலையைக் கட்டிப் பார்த்தேன், காற்றுக்கு விலகுகிறது. கெட்டியாக ஏதாவது வேண்டும்.

திறப்பு விழாவை நவநீதன் தள்ளிப் போட்டிருக்கிறான். பேச்சு அடங்கட்டும் என்கிறான். ‘ஆறான் செத்த எடம்’ என்று பார்ட்டிகள் பேசிக்கொள்வதால் வளைவில் என் பெயருக்குப் பதில் ஏதோ இங்கிலீஷ் பெயர் போடப்போகிறானாம். அப்போதுதான் வெளியூர்க்காரர்கள் வாங்குவார்கள். கெட்டிக்காரன்.

கார்த்திகை 2, செவ்வாய்

சிந்துஜாவுக்கு அனுப்பும் கடிதம். முதலில் இங்கே எழுதிப் பார்த்து, பிறகு நல்ல தாளில் எழுத வேண்டும்.

அன்புள்ள சிந்துஜா கண்ணுக்கு அப்பத்தா எழுதுவது. இங்கு நான் சுகம். கிரிதரன் பரீட்சையில் பாஸ். தர்ஷிகா அடுத்து டெல்லிக்கு நீச்சலுக்குப் போகிறாள். நவநீதனுக்கு சைட் அனுமதி கிடைத்துவிட்டது. நீ கேட்ட நோட்டு பள்ளம் வந்த அன்று தண்ணீரில் போய்விட்டது. திரும்ப எழுதலாம் என்றால் பள்ளத்தில் இப்போது எழுத ஒன்றும் இல்லை. சிமெண்டு போட்டுவிட்டார்கள். தண்ணீர் நேராகப் போகிறது.

எனக்கு ஒரு உதவி செய். நடுவீட்டுப் படம் பழையதாகிவிட்டது. நீங்கள் நான்கு பேரும் ஒரு இடத்தில் கூடும்போது புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. பெரியதாக வேண்டும். அகலம் மூன்றே கால் அடி, உயரம் நான்கு அடி. நூல் பிடித்து அளந்துதான் எழுதுகிறேன், குறைந்துவிடக் கூடாது. பின்னால் வெளிச்சம் ஊடுருவாத கெட்டி அட்டையில் ஒட்டச் சொல். தனித்தனியாகத் தள்ளி நிற்காதீர்கள். தோளோடு தோள் ஒட்டி, நடுவில் சந்து தெரியாமல் நில்லுங்கள்.